தரவை ஓரத்து வீடு: அட்வான்ஸ் கொடுக்க முதல் இரண்டு தடவை போய்ப் பாருங்கள்

கேள்வி: ஓய்வுபெற்று கொழும்பிலிருந்து ஊருக்கு வருகிறோம். யாழ்ப்பாணத்து அரியாலையில் 3 பரப்பு (யாழ்ப்பாண நில அளவு) காணியோடு பழைய கல்வீடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பின்வேலிக்கு அப்பால் தரவை எனும் தாழ்ந்த வெளி, அதற்கும் அப்பால் கண்டல் மரங்களும் கடல்நீரேரியும். அந்தக் காற்றும் கொக்குகளும் என் கணவருக்கு நல்லாய்ப் பிடித்துவிட்டன. வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் ஒருமுறை புரட்டாதியிலும் இன்னொருமுறை கார்த்திகை மழையிலும் பார்த்த பிறகுதான்.

புரட்டாதி, மழைக்கு முந்திய வறட்சியில் கிணற்றைப் பார்க்க. யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குள் இறங்கிய மழைத்தண்ணீர் உவர்நீருக்கு மேலே படையாக நிற்கிறது, அதைத்தான் அள்ளுகிறோம். நீரேரிப் பக்கம் அந்தப் படை மெல்லியது. தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள். ஒரு மணித்தியாலம் மோட்டர் ஓடவிட்டு மறுபடியும் பாருங்கள். இப்போது சவர்த்தால் கீழேயுள்ள உப்பு மேலேறுகிறது. உங்கள் இரண்டு பேருக்கு அந்தக் கிணறு போதுமாக இருக்கலாம், தோட்டத்துக்குப் போதாது.

பழைய குடியிருப்பில் இன்னொரு சிக்கல் உண்டு. பெரிய வளவுகள் சீதனம் சீதனமாகப் பிரிந்து சிறுத்திருக்கும். உங்கள் மலகூடக் குழி தூரத்தில் இருந்தாலும், பக்கத்து வீட்டுக் குழி மதிலுக்கு அந்தப்பக்கம் உங்கள் கிணற்றடியில் இருக்கலாம். சுண்ணக்கல் வெடிப்புகளுக்குள்ளால் அழுக்கு வடிபடாமலே ஓடிவரும். மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்க வெட்கப்படாதீர்கள். கிருமிக்கும் நைத்திரேற்றுக்கும் ஆய்வுகூடச் சோதனையும் வேண்டும்.

அப்புறம் கார்த்திகை. தரவை என்பதே மழைவெள்ளம் போய் நிற்கிற இடம். முன்சுவரை நம்பாதீர்கள், அதற்குப் புதுப் பெயின்ற் அடித்திருப்பார்கள். நான் பார்க்கப்போன ஒரு வீட்டில் பின்பக்கக் கக்கூஸ் கதவின் உட்புறத்தில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே, பழுப்பாக ஒரு கோடு. அதைத் துடைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. 2008 நிஷா புயலுக்குத் தண்ணீர் எதுவரை வந்தது என்று ஒழுங்கையில் வயதானவர்களிடம் கேளுங்கள்.

தரவை யாருடையது? கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்திலும் விசாரியுங்கள். உறுதி (உரிமைப் பத்திரம்) உள்ள தனியார் காணி என்றால் நாளைக்கு ஒருவர் மண் நிரப்பி மதில் கட்டுவார். கொக்கும் போய்விடும், அங்கே நின்ற வெள்ளமும் உங்கள் வளவுக்குள் வரும்.

உறுதியில் கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் எழுதியிருக்கிறதா என்று உறுதி எழுதும் நொத்தாரிசைக் கொண்டு பார்ப்பியுங்கள். பிரிக்காத பங்கு என்றால் இன்னும் கவனம். யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமையின்படி மற்றப் பங்காளர்களுக்கு முதலில் வாங்கும் உரிமை இருக்கிறது. அதற்கென்றே 1947இல் தனிச்சட்டம் வந்தது. பங்காளர் ஒருவர் கனடாவில் இருந்தால், அவருடைய சம்மதம் எழுத்தில் வரும்வரை பொறுங்கள்.