முட்டைக்குள்ளிருந்து ஒரு குரல்

அன்புள்ள ஐயா,

ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளின் புத்தகத்தில் ஊர்வன வேறு, பறவைகள் வேறு என்று இருக்கிறது. யூடியூபில் கோழியே டைனோசர்தான் என்கிறார்கள். டி. ரெக்ஸ்தான் கோழியாக மாறியதா? தேர்வில் எதை எழுதுவது? குஞ்சுகளைச் சிறகுக்குள் வைத்துக் காக்கும் கோழியும் பாசமே இல்லாத முதலையும் உறவு என்றால் மனம் ஒப்பவில்லை.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கோழி டைனோசர் வழி வந்ததுதான். ஆனால் டி. ரெக்ஸ் கோழியாகவில்லை, அது வாரிசில்லாமல் அழிந்துபோன வேறு கிளை. அதற்கு வெகுகாலம் முன்பே, 15 கோடி ஆண்டுகளுக்கு முன், இறகும் பல்லும் நீண்ட எலும்பு வாலுமாக ஆர்க்கியோப்டெரிக்ஸ் என்ற ஆதிப்பறவை ஜெர்மனியில் இருந்திருக்கிறது. தேர்வில் புத்தகத்தில் இருப்பதை எழுதட்டும். சரி, அதை விடுங்கள்.

'பாசமே இல்லாத முதலை' என்று எந்த முதலையைப் பார்த்து எழுதினீர்கள்? படித்ததும் கோபம்தான் வந்தது.

என் பாட்டி அடை வைத்த முட்டைகளில் ஒன்றை, பொரிப்பதற்கு முந்தின நாள் எடுத்து என் காதோடு வைப்பாள். உள்ளிருந்து சன்னமாகக் கீச்சுக் குரல் வரும், கூடையிலிருக்கும் கோழி தொண்டைக்குள்ளேயே 'க்ளுக்' என்று அதற்குப் பதில் கொடுக்கும். மறுநாள் ஓடு விரிசல் விடும்போது குஞ்சின் அலகு நுனியில் வெள்ளையாக ஒரு சின்ன முள் தெரியும், ஓட்டைக் குத்தி உடைப்பது அதுதான். அப்படியொரு முள் முதலைக் குட்டியின் மூக்கு நுனியிலும் இருக்கிறது. அதுவும் முட்டைக்குள்ளிருந்தே கத்துகிறது. நம் ஆறுகளில் இருக்கும் சதுப்பு முதலை கரையில் குழி பறித்து முட்டையிட்டு, இரண்டு மாதம் போல அந்தப் பக்கமே காவல் கிடக்கும். குரல் கேட்டதும் மண்ணைத் தோண்டும், வெளியே வரத் திணறும் குட்டியின் முட்டையை வாய்க்குள் வைத்து மெதுவாக உருட்டி ஓட்டை உடைத்துக் கொடுக்கும், அப்புறம் குட்டிகளை அதே வாயில் தண்ணீருக்குக் கொண்டுபோகும். எலும்பை நொறுக்கும் தாடை அது! ஆண் முதலையும் இப்படித் தூக்கிப்போவதைப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். இதற்குப் பாசம் என்று பெயரில்லை என்றால் வேறு எதற்கு?

முதலையும் பறவையும் ஒரே மூதாதையிலிருந்து பிரிந்து 25 கோடி ஆண்டுகள் ஆகின்றன. பல்லியின் வழி அதற்கும் முன்பே தனியாகப் போய்விட்டது. முதலைக்குக் கோழிதான் பங்காளி, பல்லி தூரத்துச் சொந்தம். பல்லியின் இதயத்தில் மூன்று அறை, முதலைக்கும் கோழிக்கும் நான்கு. செதிலை மட்டும் பார்த்துவிட்டு முதலையைப் பல்லியோடு சேர்த்து வைத்திருக்கிறோம்.

உங்களுடைய இதே அவசரம் பெரிய ஆய்வாளர்களுக்கும் இருந்திருக்கிறது. 1923இல் கோபி பாலைவனத்தில் முட்டைக் குவியலின் மேல் ஒரு டைனோசரின் எலும்புகள் கிடைத்தன. முட்டை திருட வந்தது என்று முடிவு கட்டி, மறு வருஷம் ஓவிராப்டர், அதாவது முட்டைத் திருடன், என்று பெயரும் வைத்துவிட்டார்கள். 70 ஆண்டு கழித்து அதே மாதிரி முட்டைக்குள் ஒரு கரு கிடைத்தது, பார்த்தால் ஓவிராப்டர் வகையின் கரு. பிறகு அந்த வகையிலேயே முட்டைகளின் மேல் இரு கைகளையும் விரித்துப் படுத்தபடி இறந்துபோனவை கிடைத்தன. அடை காத்துக்கொண்டிருந்திருக்கின்றன, ஆர்.

மகளை ஒருநாள் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குக் கூட்டிப் போங்கள், கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே இருக்கிறது. அடுத்த கடிதத்தை அவளையே எழுதச் சொல்லுங்கள்.