மைதானத்தில நிக்கிற பொலிசுக்குக் காசு கட்டுறது யார்? கேள்வி பதில்

இங்கிலாந்தில 11 வருசம் சனிக்கிழமைகளில மஞ்சள் கோட்டுப் போட்டு உதைபந்தாட்ட மைதானத்தில ஸ்டூவர்டா (கூட்டத்தை ஒழுங்குபடுத்துற ஆள்) நிண்டவன் நான். இப்ப மட்டக்களப்புக் கல்லடிக்கு வந்திட்டன். ரசிகர், பொலிஸ், காசு, இந்த மூண்டையும் பற்றிக் கேளுங்க. இந்த வருசம் கப் யாருக்கு எண்டு கேக்கிற ஆக்களுக்குப் பதில் இல்ல.

அண்ணன், அங்க மெச்சுக்கு வாற பொலிசுக்குக் கழகமா குடுக்கிற, அரசாங்கமா? (காத்தான்குடி)

ரெண்டும்தான் தம்பி. கோடு எங்க கீறுற எண்டதிலதான் சண்டை. 1996ஆம் ஆண்டுப் பொலிஸ் சட்டம் 25ஆம் பிரிவின்படி, கேட்டு எடுக்கிற விசேட சேவைக்குப் பொலிஸ் கட்டணம் அறவிடலாம். மைதானத்துக்குள்ள நிக்கிற ஆக்களுக்குக் கழகம் கட்டும். கேற்றுக்கு வெளிய? வெஸ்ட் யோர்க்‌ஷயர் பொலிஸ் சுத்துப்பட்டுத் தெரு, வாகனத் தரிப்பிடம் எல்லாத்துக்கும் சேத்து லீட்ஸ் யுனைட்டெட்டுக்குப் பில் போட்டது. கழகம் வழக்கு வைச்சு 2012இல வெண்டது, 2013 மேன்முறையீட்டிலயும் அதே முடிவு. தனக்குச் சொந்தமில்லாத, குத்தகையும் இல்லாத, தன்ட கட்டுப்பாட்டிலயும் இல்லாத இடத்துக்குக் கழகம் கட்டத் தேவையில்ல. இப்ஸ்விச் டவுண் கழகம் 2017இல வெண்ட வழக்கு இன்னும் ருசி: மெச் நாளில மறிச்சு மூடுற பக்கத்துத் தெரு பற்றினது. மூடினாலும் அது பொதுத் தெருதான்.

ஆனா சூட்சுமம் வேற இடத்தில. எந்த மெச் ஆபத்தானது, எத்தனை பேர் வேணும் எண்டு சொல்றது பொலிஸ். கழகம் "இவ்வளவு பேர் வேணாம்" எண்டு சொல்லலாம். அப்ப பாதுகாப்புச் சான்றிதழ் குடுக்கிற உள்ளூராட்சி சபையில பொலிசிட சொல்லு எடுபடும். ஆக்களைக் குறை, நேரத்தை மாத்து எண்டு வரும். கடையும் அவங்கட, தராசும் அவங்கட.

அப்ப காசுக்காகத்தான் ஆளைக் குவிக்கிறாங்களா? (ஆரையம்பதி)

அவ்வளவு லேசில்ல தங்கச்சி. "கழகம் தாறது சொற்பம், மிச்சம் எங்கட தலையில" எண்டுதான் அங்கத்தப் பொலிஸ் புலம்புது. நான் கண்டதில பெரிய காரணம் பயம். 200 பேரை இறக்கி ஒண்டும் நடக்காட்டி எந்த அதிகாரியையும் ஒருத்தரும் கேள்வி கேக்க மாட்டாங்க. 20 பேரை இறக்கி ஒருத்தன்ட மண்டை உடைஞ்சா அவர் போச்சு. அடுத்தது, ரவுடிகளைப் பிடிக்க எண்டு ஒரு பிரிவைத் துடங்கினா, ரவுடி இருக்கான் எண்டு ஒவ்வொரு வருசமும் காட்டத்தானே வேணும்? அதால எந்தத் தொகையைக் கண்டாலும் கூட்டினவன் யார் எண்டு முதல்ல பாருங்க.

இங்கிலாந்தில ஹில்ஸ்பரோ மைதானத்தில சனம் நசுங்கிச் செத்த அண்டைக்கு, ரசிகர்தானே கேற்றை உடைச்சது?

இல்ல. இல்ல. 1989 ஏப்ரல் 15, கேற்றைத் திறக்கச் சொன்னதே பொறுப்பா நிண்ட பொலிஸ் அதிகாரி. உடைச்சது ரசிகர் எண்டது அவர் சொன்ன பொய். கம்பிவேலிக்குள்ள நசுங்கி 97 பேர் போனாங்க. கூட்டத்தை அடக்கிறதே நினைப்பா இருந்த ஆக்களுக்கு, உள்ள சனம் மூச்சுத் திணறுறது கலகமாத்தான் தெரிஞ்சது. 164 பொலிஸ் வாக்குமூலங்கள் திருத்தப்பட்டதை 2012இல சுயாதீனக் குழு வெளிய கொண்டுவந்தது, அதில 116இல பொலிசுக்குப் பாதகமான பகுதிகள் வெட்டியோ மாத்தியோ இருந்தது. சட்டவிரோதக் கொலை, ரசிகரில பிழையில்ல எண்டு ஜூரி சொல்ல 2016 ஆச்சு. கூட்டினவன் யார் எண்டு கேக்கச் சொன்னன்தானே, எழுதினவன் யார் எண்டும் கேளுங்க.

கண்ணீர்ப்புகை அடிச்சா என்ன?

2022, இந்தோனேசியா, கஞ்சுருஹான் மைதானம், 135 உயிர். மைதானத்துக்குள்ள அது கூடாது எண்டு ஃபிஃபா விதியிலயே இருக்கு.

அண்ணன் பொலிசுக்கு யார் சம்பளம் குடுக்கிற?

மேல.

நான் ஓய்வுபெற்ற பொலிஸ்காரன், அம்பாறை. கோடிக்கணக்கில வீரர் வாங்குற கழகம் ஏன் முழுசாக் கட்டக்கூடாது? மெச்சே பாக்காத கிழவிட வரியிலயா?

நியாயமான கேள்வி ஐயா. ஜேர்மனியில பிரெமன் மாநிலம் இதைத்தான் செய்தது. 2015இல பிரெமன் கழகம் ஹம்பேர்க்கோட விளையாடின மெச்சுக்கு, மேலதிகப் பொலிஸ் செலவெண்டு மெச் நடத்துற லீக் அமைப்புக்கு 4 லட்சம் யூரோவுக்கு மேல பில். வழக்கு வருசக்கணக்கா இழுபட்டு, 2025 ஜனவரியில அரசியலமைப்பு நீதிமன்றம் மாநிலத்தின்ட பக்கம் நிண்டது.

(கல்முனைத் தம்பி இடையில) அப்ப மாமாங்கத் தீர்த்தத்துக்கும் பொலிஸ் நிக்குது. கோயிலுக்கும் பில்லா?

(அம்பாறை ஐயா) கோயில் லாபத்துக்கா நடக்குது? கதையை மாத்தாத.

(கல்முனை) தெருவில நிக்கிற பொலிசுக்கு லாபமும் பக்தியும் ஒண்டுதானே!

ஐயா சொன்னதுதான் பிரெமன் சட்டத்திலயும் இருக்கு: லாபத்துக்கு நடத்துற, 5000 பேருக்கு மேல வாற, கலவர ஆபத்துள்ள நிகழ்ச்சி. கோயில் தப்பும். ஆனா தம்பி, உன்ட கேள்வியில பாதி மிச்சம் இருக்கு. ஆபத்து எண்டு தீர்மானிக்கிறதும் பில் போடுறதும் ஒரே அரசாங்கமா இருந்தா, ஆளைக் குறைக்கச் சொல்லி யார் கேப்பான்? ஐயா, இதுக்கு நீங்க பதில் சொல்லணும்.

(அம்பாறை ஐயா) மண்டை உடைஞ்சா நீயா வந்து நிப்பாய்?

இதைத்தான் மேல பயம் எண்டு சொன்னன்.

தடை ஆணை எண்டா என்ன?

மெச் பாக்கப் போகக்கூடாது எண்டு நீதிமன்றம் போடுறது, குறைஞ்சது 3 வருசம், கூடினது 10. 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு, குற்றத் தீர்ப்பு இல்லாமலே பொலிஸ் நீதிமன்றத்திட்டக் கேட்டு வாங்கலாம்.

எங்கட வெபர் மைதானத்திலயும் பில் வருமா? பொலிசுக்கு யார் சம்பளம்?

ரெண்டாவதுக்கு, மேல. முதலாவதுக்கு, நம்மட ஊர்ப் பெரிய மெச்சுகளில நான் கண்ட பில், கழகப் பொடியன்மார் கட்டிக் குடுக்கிற சோத்துப் பார்சலும் பிளேன்ரீயும்தான். எத்தனை பார்சல் எண்டு சொல்றது மட்டும் இங்கயும் அவங்கதான்.