குடியாத்தமா, ஏலகிரியா, காட்பாடியா?

கேள்வி: வரும் மார்ச்சில் எனக்கு 60 வயது முடிகிறது. அம்பத்தூரில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை, இத்தனை வருடமும் வாடகை வீடுதான். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்து 46 லட்சம் கைக்கு வரும். 58 வயதிலிருந்து மாதம் 3,900 ரூபாய் பென்ஷன் வருகிறது. வேறு வருமானம் கிடையாது. மகன் சென்னையில், மகள் பெங்களூரில். குடியாத்தம் பக்கத்து கிராமத்தில் அப்பா விட்டுப்போன மனை இருக்கிறது, அதில் 30 லட்சம் செலவில் வீடு கட்டிக்கொண்டு போய்விடலாம் என்று நினைக்கிறேன். தம்பி அங்கேதான் இருக்கிறான், மேஸ்திரியைக்கூடப் பேசி வைத்திருக்கிறான். ஏலகிரியில் சின்னதாக ஒரு வீடு என்பது என் பல வருட ஆசை. மகன் காட்பாடியில் ஃபிளாட் வாங்கச் சொல்கிறான். எனக்கு சுகர், மனைவிக்கு மூட்டு வலி. அவள் ஊர் ஆரணிப் பக்கம். நிலையான வருமானத்துக்குள் நிம்மதியாக இருக்க எந்த ஊர் சரி?
- வாசகர், அம்பத்தூர்

பதில்:

ஐயா, உங்கள் ஆசை கடிதத்தில் இருக்கிறது, மகன் சொன்னது இருக்கிறது, தம்பி பேசி வைத்த மேஸ்திரி வரைக்கும் இருக்கிறார். உங்கள் வீட்டம்மா எங்கே இருக்க விரும்புகிறார் என்பது மட்டும் ஒரு வரிகூட இல்லை. இன்று ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அதை அவரிடம் கேளுங்கள், கேட்டுவிட்டு அவர் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாமல் இருங்கள். குடியாத்தம் உங்களுக்குப் பிறந்த ஊர், அவருக்கு அது மாமியார் ஊர். இரண்டும் ஒன்று இல்லை.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், ஓய்வுக்கு அப்புறம் எங்கே குடியேறுவது என்று யோசிக்கிறவர்கள் எல்லோரும் இரண்டு பேரும் நடமாட்டத்தோடு இருக்கும் முதல் பத்து வருடத்தை மனதில் வைத்துத்தான் யோசிக்கிறார்கள், ஆனால் அதற்குப் பிறகு இரண்டில் ஒருவர் சில வருடமாவது தனியாக இருக்க வேண்டி வரும், நம் வீடுகளில் பெரும்பாலும் அது மனைவிதான். எழுதுவதற்கே சங்கடமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்: அப்படித் தனியாக இருக்கப் போகிறவருக்கு ஏற்ற ஊரா, அவருக்கு ஏற்ற வீடா என்று பாருங்கள். அந்த ஒரு கணக்கில் தேறும் இடம் உங்கள் இரண்டு பேருக்கும் இன்றைக்கும் வசதியாகத்தான் இருக்கும்.

முதலில் பணத்தைப் பார்ப்போம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் அதிகபட்சம் 30 லட்சம் போடலாம். 2023 ஏப்ரலில் வட்டி 8.2 சதவீதம் ஆனது. நீங்கள் போடும் அன்றைக்கு என்ன வட்டியோ அது ஐந்து வருடத்துக்கு மாறாது. 8.2 என்றே வைத்துக்கொண்டால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை 61,500 ரூபாய், மாதக் கணக்கில் 20,500. போஸ்ட் ஆபீஸ் மாத வருமானத் திட்டத்தில் 9 லட்சம் போட்டால் 7.4 சதவீதத்தில் மாதம் 5,550. உங்கள் பென்ஷன் 3,900. மூன்றும் சேர்த்தால் 29,950 ரூபாய், அதற்கு மேல் 7 லட்சம் அவசரத்துக்குக் கையில் நிற்கும்.

இப்போது 30 லட்சத்தை வீட்டில் போட்டுவிட்டீர்கள் என்று வையுங்கள். மிச்சம் 16 லட்சம். அது முழுவதையும் 8.2 சதவீதத்தில் போட்டாலும் மாதம் பதினோராயிரம்கூட வராது, பென்ஷனோடு சேர்த்து 14,800 சொச்சம், அவசரப் பணம் என்று தனியாக ஒரு பைசா இல்லை. வாடகை மிச்சம் என்பீர்கள். சரி, பத்தாயிரம் வாடகை கொடுத்தாலும் முதல் கணக்கில் உங்களுக்கு ஏறக்குறைய இருபதாயிரம் நிற்கிறது, முதலும் அப்படியே இருக்கிறது.

நீங்கள் இல்லாத காலத்தையும் போட்டுப் பாருங்கள். உங்கள் பி.எஃப். பென்ஷனில் பாதிதான் மனைவிக்கு வரும், அதாவது 1,950. வட்டி இதே அளவில் அவர் கைக்குத் தொடர்ந்து வருகிறது என்று வைத்தால், வீடு கட்டாத கணக்கில் அவருக்கு 28,000, கட்டிய கணக்கில் 12,900க்கும் கீழே. அந்தப் பணத்தில்தான் மூட்டுக்கு ஊசியும், மருந்தும், ஒத்தாசைக்கு ஒரு ஆளும். விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால் இன்றைக்கு 20,000க்கு நடக்கும் குடும்பம் பத்து வருடத்தில் 36,000 கேட்கும். வட்டி அப்படி ஏறாது. அப்போது முதலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சாப்பிட வேண்டியிருக்கும், செங்கல்லாக நிற்கிற முதலிலிருந்து அப்படி எடுக்க முடியாது. கிராமத்து வீட்டை அவசரத்துக்கு விற்கப் போனால் வாங்க ஆள் வருவதே கஷ்டம், அதிலும் மனை அப்பா பெயரில் இருந்து, தம்பியோடு கூட்டுப் பட்டா என்றால் பேச்சே வேண்டாம். வீடு கட்டுகிறீர்களோ இல்லையோ, பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பதிவு செய்து உங்கள் பங்குக்குத் தனிப் பட்டா வாங்குவதை இந்த வருடமே முடியுங்கள். அண்ணன் தம்பி முகம் பார்த்துப் பேசிக்கொள்ளும் காலத்திலேயே செய்ய வேண்டிய காரியம் அது.

வாடகை வீட்டிலும் தொல்லை உண்டு, தெரியும். வாடகை ஏறும், வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம் என்று காலி பண்ணச் சொல்வார். அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு அம்மா இருக்கிறார், எழுபதைத் தாண்டியவர். அவர் வீட்டுக்காரர் ரிட்டையர் ஆன பணத்தில் பள்ளிகொண்டா பக்கம் பெரிய மனை வாங்கி, சுற்றிலும் மதில் எழுப்பி, தென்னை வைத்து, ஆசை ஆசையாகக் கட்டினார். அவர் போன பிறகு அந்த இரும்புக் கேட்டை இழுத்துச் சாத்தவே இந்த அம்மாவால் முடியவில்லை. தாழ்ப்பாள் கீழே தரையில் இறங்கும் மாதிரி, குனிந்து இரண்டு கையாலும் தூக்க வேண்டும். பல நாள் கேட்டைப் பூட்டாமலே விட்டுவிட்டு வீட்டுக் கதவை மட்டும் உள்ளே பூட்டிக்கொண்டு விடிய விடிய விழித்துக் கிடந்திருக்கிறார். மருந்துக்கடைக்குப் போக ஆட்டோவுக்கு போன் செய்ய வேண்டும். இப்போது தொரப்பாடிக்கு வந்து கீழ்த்தளத்தில் ஒரு போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறார். காலையில் பால் வாங்கப் போனால் நாலு பேரிடம் பேசிவிட்டு வருகிறார், ஒருநாள் அவர் வாசல் தெளிக்கவில்லை என்றால் பூக்காரம்மா கதவைத் தட்டி என்னம்மா ஆச்சு என்று கேட்கிறாள். இந்த வசதிக்கு விலை போட முடியாது ஐயா, தனி வீட்டில் இது கிடைக்கவும் கிடைக்காது.

இனி ஊருக்கு வருகிறேன். ஏலகிரி ஆசை நியாயமான ஆசை. வேலூர் கத்திரி வெயிலில் வெந்துகொண்டிருக்கும்போது ஆயிரம் மீட்டருக்கு மேலே அந்தக் காற்று சொர்க்கம்தான். ஆனால் 14 கொண்டை ஊசி வளைவு. புலவர்கள் பெயரும் வள்ளல்கள் பெயருமாக வரிசையாக வைத்திருக்கிறார்கள், பகலில் படித்துக்கொண்டே ஏறுவது சந்தோஷம்; ராத்திரி இரண்டு மணிக்கு சர்க்கரை இறங்கி வேர்த்துக் கொட்டும்போது அதே 14 வளைவையும் இறங்கித்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சனி ஞாயிறு என்றால் சென்னை, பெங்களூர் வண்டிகள் வேறு. மே மாதம் அங்கே ஒரு அறை எடுத்துப் பத்து நாள் தங்கிவிட்டு வாருங்கள், வருடா வருடம் போங்கள். வீடு வேண்டாம்.

குடியாத்தத்தில் தம்பி இருப்பது பெரிய பலம், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். வைகாசியில் கங்கையம்மன் சிரசு திருவிழாவுக்கு ஊரே கூடும்போது நம் ஆட்களோடு இருப்பது போல வேறு எங்கும் வராது. ஆனால் ரயில் நிலையம் டவுனிலிருந்து தள்ளி இருக்கிறது, உங்கள் கிராமம் டவுனிலிருந்து தள்ளி இருக்கிறது, வேலூர் போக பஸ்ஸில் ஒரு மணி நேரமாவது ஆகும். திருவிழாவுக்கும் நல்லது கெட்டதுக்கும் வேலூரிலிருந்தே போய் வரலாம்.

காட்பாடியில் மகன் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு: சென்னை ரயிலும் பெங்களூர் ரயிலும் அங்கே நிற்கும், பிள்ளைகள் ஒரே நாளில் வந்து பார்த்துவிட்டுப் போகலாம். உங்களுக்குத்தான் 2020 மார்ச்சிலிருந்து மூத்த குடிமக்கள் டிக்கெட் சலுகை நின்றுபோயிருக்கிறது. ஆனால் ஃபிளாட் என்றால் மறுபடியும் மொத்தப் பணமும் போய்விடும், அதற்கு மேல் மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம். யூனிவர்சிட்டிப் பக்கம் மாணவர்களுக்கு விடுகிற இடமாக வாடகையும் ஏறிக் கிடக்கிறது.

என்னைக் கேட்டால் வேலூரிலேயே தொரப்பாடி, பாகாயம், விருப்பாட்சிபுரம் பக்கம் வாடகைக்கு வீடு பாருங்கள். காட்பாடியிலிருந்து சிஎம்சி வழியாகப் பாகாயம் வரை டவுன் பஸ் ஓடிக்கொண்டே இருக்கும், ரயிலும் ஆஸ்பத்திரியும் கடைத்தெருவும் ஒரே பஸ்ஸில் முடிந்துவிடும். 2021 மே மாதத்திலிருந்து அரசின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, ஆக அதில் ஏறினால் உங்கள் வீட்டம்மாவுக்கு அந்தச் செலவும் இல்லை. அதே ரோட்டில் இன்னும் தெற்கே போனால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. பாகாயத்திலேயே சிஎம்சியின் சமுதாய மருத்துவ ஆஸ்பத்திரி இருக்கிறது, சுகர் மாதிரி மாதாமாதம் பார்க்க வேண்டியதற்குப் பெரிய ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் போய் நிற்கத் தேவையில்லை. கண்ணமங்கலம் வழியாக ஆரணிக்குப் போகிற பஸ்ஸும் அந்தப் பக்கம்தான். உங்கள் வீட்டம்மா பிறந்த வீட்டுக்குக் காலையில் போய் சாயங்காலம் திரும்பலாம்.

சிஎம்சிக்கு எதிரிலேயே இருந்தால் நல்லதுதானே என்று சிலர் தோட்டப்பாளையம், காகிதப்பட்டறைப் பக்கம் தேடுவார்கள். வெளி மாநிலத்திலிருந்து வரும் நோயாளிகளுக்காக லாட்ஜும் ரூமுமாக இருக்கும் இடம், வாடகையும் இரைச்சலும் அதற்குத் தகுந்த மாதிரி. சத்துவாச்சாரி நல்ல பழைய குடியிருப்பு, அங்கே வீடு கிடைத்தாலும் சரிதான், ஆனால் நெடுஞ்சாலை ஊரின் நடுவே போகிறது. கடையும் பஸ் ஸ்டாப்பும் வீடு இருக்கும் பக்கத்திலேயே இருக்கிறதா என்று பாருங்கள், மூட்டு வலிக்காரரை அந்த ரோட்டைக் கடக்க வைக்காதீர்கள்.

வீடு எந்தப் பகுதியில் பார்த்தாலும் கீழ்த்தளம், அல்லது அதற்கு மேலே இன்னொரு மாடி இருக்கும் வீடு. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் வீட்டில் மே மாதம் ராத்திரி பதினொரு மணிக்கும் சுவர் சுடும், நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊர் இது, ஏசி போட்டால் கரண்ட் பில்லில் முதல் நூறு யூனிட் இலவசம் என்பதெல்லாம் எந்த மூலைக்கு. தண்ணீரைக் கட்டாயம் பாருங்கள். கார்ப்பரேஷன் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு தடவை வருகிறது என்று வீட்டுக்காரரைக் கேட்காமல் பக்கத்து வீட்டில் கேளுங்கள். போர் தண்ணீரை வாயில் ஊற்றிப் பாருங்கள். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று தோல் தொழிற்சாலை இருக்கும் பகுதிகளில் நிலத்தடி நீர் கெட்டுப்போனது சுப்ரீம் கோர்ட் வரை போய் 1996இல் தீர்ப்பு வந்த விஷயம், அந்தப் பக்கம் சல்லிசாக மனை என்று யாராவது காட்டினால் தண்ணீரைச் சோதித்துப் பார்க்காமல் பேசவே பேசாதீர்கள். அதே போல 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது இந்தத் தெருவில் எதுவரை தண்ணீர் நின்றது என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பதினோரு மாத அக்ரிமென்ட் போட்டு ஒரு கோடையும் ஒரு ஐப்பசி கார்த்திகை மழையும் பார்த்துவிடுங்கள். அதற்கு அப்புறமும் கிராமத்து வீடுதான் வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றினால் தனிப் பட்டா வந்த பிறகு பத்துப் பன்னிரண்டு லட்சத்துக்குள் ஓர் அறை, சமையலறை, வீட்டோடு சேர்ந்த கழிப்பறை என்று சின்னதாகக் கட்டலாம். 30 லட்சம் வேண்டாம். தம்பியிடம் மேஸ்திரிக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள், அப்புறம் என்றால் மனஸ்தாபம் வரும்.

இன்னொன்று, இதைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. கம்பெனி கொடுக்கிற மருத்துவக் காப்பீடு நீங்கள் வேலையை விட்டதும் நின்றுவிடும். புதிதாக பாலிசி எடுத்தால் ஏற்கெனவே இருக்கிற சுகருக்கும் மூட்டுக்கும் 3 வருடம் வரை காத்திருக்கச் சொல்வார்கள். குரூப் பாலிசியிலிருந்து அதே காப்பீட்டுக் கம்பெனியின் தனிப் பாலிசிக்கு மாறினால், இதுவரை காப்பீட்டில் இருந்த வருடங்களைக் கணக்கில் எடுத்துக்கொள்ள விதி இருக்கிறது, ஆனால் குரூப் பாலிசி உயிரோடு இருக்கும்போதே விண்ணப்பம் கொடுக்க வேண்டும். மார்ச் வரை தள்ளாதீர்கள், இந்த வாரமே ஹெச்.ஆரில் போய் பாலிசி எண்ணையும் யாரிடம் விண்ணப்பிப்பது என்பதையும் எழுதி வாங்குங்கள், மனைவி பெயரையும் சேர்த்து.