சினை மோலியைப் பெட்டியில் அடைக்கலாமா?

பினாங்கு ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "எங்கள் பிளாட்டில் 2 அடி மீன் தொட்டியில் கப்பியும் மோலியும் வளர்க்கிறோம். போன மாதம் கப்பி போட்ட குஞ்சுகளை மற்ற மீன்கள் ஒன்றுவிடாமல் தின்றுவிட்டன. இப்போது கருப்பு மோலிக்கு வயிறு பெருத்திருக்கிறது. கடையில் சொன்னபடி, தொட்டிக்குள் தொங்கும் பிளாஸ்டிக் பெட்டியில் விட்டு நான்கு நாளாகிறது. குஞ்சும் போடவில்லை, சாப்பிடவும் மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?"

முதலில் அதைப் பெட்டியிலிருந்து வெளியே விடுங்கள், இன்றைக்கே. மோலி பெரிய மீன். நாள் முழுக்கச் சுற்றிப் பாசி மேய்ந்து பழகியது. குறுகிய பெட்டியில் அடைத்தால் மிரளும். மிரண்ட தாய் பிரசவத்தைத் தள்ளிப்போடும். இல்லாவிட்டால் மஞ்சள்கருப் பை கரையாத குறைக்குஞ்சுகளைப் போட்டுவிடும். சில சமயம் தாயே இறந்துவிடும்.

அடுத்து, நாள் கணக்கு. கப்பிக்குச் சினைக்காலம் ஏறக்குறைய நான்கு வாரம். மோலிக்கு அதைவிடக் கூடுதல், ஐந்து முதல் எட்டு வாரம்கூட ஆகலாம். கப்பிக்கு அடிவயிற்றின் பின்பக்கம் சினையைக் காட்டும் கரும்புள்ளி கருப்பு மோலியில் தெரியாது. அதனால் வயிற்றின் வடிவத்தைப் பாருங்கள். நாள் நெருங்கியதும் வயிறு சதுரித்து, பின்பக்கம் செங்குத்தாக இறங்கும். மீன் மூலையில் ஒதுங்கும், வேகமாக மூச்சு விடும். வயிறு வீங்கி, செதில்கள் அன்னாசித் தோல் போல நிமிர்ந்து நின்றால் அது சினையல்ல, நீர்க்கோவை நோய். அந்த மீனை உடனே தனியே எடுத்துவிடுங்கள்.

சரி, குஞ்சுகளை எப்படிக் காப்பாற்றுவது? செடிகளால்தான். தொட்டியின் ஒரு பாதியில் ஜாவா மாஸை அடர்த்தியாகப் போட்டு, மேலே ஆகாயத்தாமரையை மிதக்க விடுங்கள். பிறந்த கணமே நீந்தத் தெரிந்த குஞ்சுகள் அந்த வேர்களுக்குள் புகுந்துகொள்ளும். எல்லாம் பிழைக்காது, ஆனால் ஒரு பங்கு நிச்சயம் பிழைக்கும். வீட்டுத் தொட்டிக்கு அதுவே போதும் என்பது என் கருத்து. எல்லாம் வேண்டுமென்றால், பிரசவத்துக்கு ஒரு வாரம் முன்பே, இதே தொட்டியின் தண்ணீரும் செடியும் போட்ட வேறு தொட்டிக்குத் தாயை மாற்றுங்கள். கடைசி நாளில் வலை போட்டுப் பிடிக்காதீர்கள். குஞ்சு போட்டு முடித்ததும் தாயைப் பழைய தொட்டிக்கே அனுப்பிவிடுங்கள். பெற்ற தாயும் தின்னும்.

தண்ணீரை மறந்துவிடக் கூடாது. பினாங்குக் குழாய்நீரில் பெரும்பகுதி மூடா ஆற்றிலிருந்து வருகிறது. நம் ஆற்று நீர் பொதுவாக மென்மையானது. மோலிக்கோ கடின நீர்தான் ஒத்துக்கொள்ளும். மென்நீரில் துடுப்பைச் சுருக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே ஆடும். பவளத் துண்டுகளைக் கழுவி, வலைப்பையில் கட்டி வடிகட்டியில் வைத்தால் கடினம் மெல்ல ஏறும். ஒரு நாள் வாளியில் பிடித்து வைத்தால் குளோரின் போய்விடும், குளோரினோடு அம்மோனியா சேர்ந்த குளோராமின் போகாது. அதனால் ஆன்டி குளோரின் சொட்டு மருந்தைத் தவறாமல் சேருங்கள். நம் ஊர் வெக்கைக்கு ஹீட்டர் தேவையில்லை, ஏர்கோன் அறையில் தொட்டி இருந்தால் மட்டும் பாருங்கள். வெதுவெதுப்பான நீரில் பிராணவாயு குறைவு என்பதால் காற்று ஓட வேண்டும். ஸ்பாஞ்ச் வடிகட்டி நல்லது, குஞ்சை உறிஞ்சாது.

குஞ்சுகளுக்கு ஒரு நாளில் மூன்று நான்கு முறை கொஞ்சம் கொஞ்சமாகத் தீனி கொடுங்கள். வழக்கமான செதில் தீனியை விரலால் பொடித்தாலே போதும். வேகமாக வளர வேண்டுமென்றால் ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றுயிரின் குஞ்சுகளைக் கொடுக்கலாம்: ஒரு லிட்டர் நீரில் 25 கிராம் கடல் உப்பு கரைத்து, முட்டையைப் போட்டுக் காற்று விட்டால் நம் வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு நாளில் பொரிந்துவிடும். காற்றை நிறுத்தினால் ஓடுகள் மேலே மிதக்கும். கீழிருப்பதைத் துணியில் வடித்து, நல்ல நீரில் அலசிக் கொடுங்கள். அவித்த முட்டையின் மஞ்சள்கரு வேண்டாம், தண்ணீரைக் கெடுத்துவிடும். அடிக்கடி தீனி போடுவதால் இரண்டு நாளுக்கு ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். குஞ்சுகள் சாவது பெரும்பாலும் பசியால் அல்ல, அழுக்கு நீரால்தான்.

அப்புறம், ஒரு முறை சேர்ந்த ஆணின் விந்தைப் பெண் மீன் மாதக்கணக்கில் சேமித்து வைத்திருக்கும். ஆணே இல்லாத தொட்டியிலும் அடுத்தடுத்துக் குஞ்சு வரும். ஒரு மாதம் கடந்ததும் குஞ்சுகளின் அடித்துடுப்பைக் கவனியுங்கள்: விசிறியாக விரிந்திருந்தால் பெண், குச்சியாகக் கூர்ந்தால் ஆண். தெரிந்தவுடன் பிரித்துவிடுங்கள். மிஞ்சுவதை லோங்காங்கிலோ ஆற்றிலோ கொட்டாதீர்கள். கப்பியும் மோலியும் அமெரிக்கக் கண்டத்து மீன்கள். நம் ஆற்று மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மீன் கடையில் கேட்டுப் பாருங்கள், பல கடைகளில் வாங்கிக்கொள்வார்கள்.