க்ளோட் லொரேனின் கிராமம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

லண்டனில் மகள் வீட்டில் இருந்தபோது நேஷனல் கேலரிக்குப் போனோம். அங்கே பதினேழாம் நூற்றாண்டு ஓவியர் க்ளோட் லொரேனின் ‘ஈசாக்கு ரெபெக்காள் திருமணம்’ படத்தின் முன்னால் ஜனங்கள் மெய்மறந்து நிற்கிறார்கள். எனக்கோ காலண்டர் சீனரிதான் ஞாபகம் வந்தது. ஆறு, மலை, மாடு, ஆட்டம். சேற்றில் கால் வைத்த ஒருவரையும் காணோம். விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன் நான். இது பச்சைப் பொய் இல்லையா?

எம்., ராஜபாளையம்

அன்புள்ள எம்.,

காலண்டர் சீனரி ஞாபகம் வந்ததில் தப்பே இல்லை. ஓரத்தில் இருண்ட மரம், நடுவில் நீர், தொலைவில் கரைந்துபோகிற நீல மலை என்ற அமைப்பை ஐரோப்பியக் கண்ணுக்குப் பழக்கியவர்களில் முதன்மையானவர் லொரேன்தான்.

உங்கள் சந்தேகத்திலும் நியாயம் இருக்கிறது. படம் வரையப்பட்டது 1648இல், லொரேன் வாழ்ந்த ரோமில். ரோமைச் சுற்றியிருந்த கம்பான்யா சமவெளி அன்று மலேரியா பூமி. நிலமெல்லாம் பெரிய குடும்பங்களின் கையில். வாங்கியவர்களும் அந்த வர்க்கம்தான். இந்தப் படம் பூயோன் பிரபுவுக்குப் போனது.

ஆனால் எதைப் பார்த்து வரைந்தார், எதை இட்டுக்கட்டினார் என்று பிரித்துப் பாருங்கள். விடிவதற்கு முன்பே வயல்வெளிக்குப் போய், சூரியன் ஏற ஏற வானத்தின் நிறம் மாறுவதைக் கவனித்துக் கிடப்பார் என்று அவருடைய நண்பர், ஓவியர் சாண்ட்ரார்ட் எழுதியிருக்கிறார். அந்த ஒளி நிஜம். கல்யாணம்தான் ஒட்டவைத்தது. வேதாகமத்தின் ஈசாக்கு கதையில் இப்படியொரு ஆட்டம் பாட்டமே கிடையாது. முன்புறத்தில் ஒரு மரக்கட்டை மேல் ஈசாக்கு, ரெபெக்காள் பெயரை எழுதிவைத்திருக்கிறார். அதை விட்டால் இது யார் வீட்டுக் கல்யாணம் என்று சொல்ல வழியில்லை. ரோமில் டோரியா பாம்ஃபீலி அரண்மனையில் ஏறக்குறைய இதே காட்சி இருக்கிறது. அதற்குப் பெயர் ‘ஆடுவோர் உள்ள நிலக்காட்சி’, அவ்வளவுதான். நிலக்காட்சியைத்தான் விற்கிறேன், மனித உருவங்கள் இனாம் என்று லொரேனே சொல்வாராம்.

நீங்கள் தேடுகிற பொய் நடந்தது, ஆனால் ஓவியத் துணியில் அல்ல, மண்ணில். நூறாண்டு கழித்து இங்கிலாந்துப் பிரபுக்களும் பணக்காரர்களும் லொரேன் படங்களை வாங்கி மாட்டியதோடு நிற்கவில்லை, தோட்டத்தையும் அதைப்போலவே ஆக்கக் கிளம்பினார்கள். ஸ்டவர்ஹெட் தோட்டத்தில் ஓடையை மறித்து ஏரி வெட்டி, கரையில் ரோமானியக் கோயில் கட்டினார்கள். அது பரவாயில்லை. நியூனம் கோர்ட்னியில் ஹார்கோர்ட் பிரபு, தன் மாளிகையிலிருந்து பார்க்கும்போது உறுத்துகிறது என்று 1760களில் ஒரு கிராமத்தையே இடித்து, குடியிருந்தவர்களைச் சாலையோரம் கொண்டுபோய் வரிசை வீடுகளில் வைத்தார். மில்டன் ஆபி என்ற இடத்தில் அப்படி இடிபட்டுப் போனது ஒரு சந்தை ஊர். படத்தில் ஆள் குறைவாக இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை; நிலத்தில் அதைச் செய்யும்போதுதான் அடுப்பு அணைகிறது. உங்கள் கோபத்தை அந்தப் பிரபுக்கள் பக்கம் திருப்புங்கள் என்பேன், ஓவியரை விட்டுவிடுங்கள்.

அப்புறம், அடுத்த தடவை லண்டன் போனால் அதே அறையில் ஆங்கில ஓவியர் டர்னரின் படங்களையும் பாருங்கள். தன்னுடைய இரண்டு படங்கள் லொரேனின் இரண்டு படங்களுக்குப் பக்கத்திலேயே தொங்க வேண்டும் என்று உயில் எழுதிவைத்துவிட்டுப் போனவர் அவர். உங்களுக்குப் பிடிக்காத இந்தப் படம் லொரேனின் அந்த இரண்டில் ஒன்று.