தசைகளால் இழுக்க மட்டுமே முடியும் என்றால், கதவை எப்படித் தள்ளுகிறோம்?

தசை சுருங்கும், தளரும். தானாகத் தள்ளி நீளும் ஆற்றல் அதற்கு இல்லை. அதனால்தான் கைகால்களில் தசைகள் எதிரெதிராக அமைந்திருக்கின்றன. மேற்கையின் முன்புறமுள்ள இருதலைத் தசை சுருங்கினால் முழங்கை மடங்கும்; பின்புறமுள்ள முத்தலைத் தசை சுருங்கினால் கை நீளும். கதவைத் தள்ளும்போது முத்தலைத் தசை முழங்கை எலும்பின் முனையைத் தன் பக்கம் இழுக்கிறது. முன்கை நெம்புகோல் போல இயங்குவதால் உள்ளங்கை முன்னே போகிறது. இழுப்பைத் தள்ளலாக மாற்றித் தருவது எலும்புதான்.

உள்ளே நடப்பது இன்னும் அழகு. தசை நாருக்குள் ஆக்டின், மயோசின் என்னும் புரத இழைகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. நரம்பின் ஆணை வந்ததும் கால்சியம் வெளிப்படுகிறது. உடனே மயோசினின் தலைகள் ஆக்டினைப் பற்றி இழுக்கும், விடும், மீண்டும் பற்றும். கிணற்றுக் கயிற்றைக் கைமாற்றி இழுப்பது போல. இழைகள் குறுகுவதில்லை, ஒன்றையொன்று கடந்து வழுக்குகின்றன. இதை 1954இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டறிந்து, 'நேச்சர்' ஆய்விதழில் வெளியிட்டன.

மயோசின் தலைகள் பிடியை விடுவதற்கும் ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறு வேண்டும். இறந்த உடல் விறைப்பது அது தீர்ந்துபோவதால்தான். தளர்வதற்கும் ஆற்றல் தேவை என்பது என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

உள்ளே எலும்பே இல்லாத நாக்கு எப்படி வெளியே நீள்கிறது என்று கேட்கலாம். அதன் குறுக்குத் தசைகள் சுருங்கி நாக்கை ஒடுக்குகின்றன. கன அளவு மாறாததால் அது நீளவாக்கில் நீள்கிறது. அடித்தசை ஒன்றும் அதை முன்னே இழுக்கிறது.