அக்கர்மான்சியா வந்துவிட்டது என்று மெட்ஃபார்மினை நிறுத்தாதீர்கள்

சகோ, 98 கிலோ எடை, இன்சுலின் எதிர்ப்பு (உடல் இன்சுலினுக்குச் சரியாக இணங்காத நிலை), டாக்டர் எழுதிய சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினுக்குப் பதிலாக அக்கர்மான்சியா என்ற குடல் பாக்டீரியா கேப்ஸ்யூல் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது.

இந்த கேப்ஸ்யூல் விளம்பரங்கள் எல்லாம் கைகாட்டுவது பெல்ஜியத்தில் நடந்து 2019இல் வெளிவந்த ஆய்வைத்தான். நல்ல ஆய்வு, ஆனால் கடைசிவரை இருந்தவர்கள் 32 பேர், அதுவும் மூன்று மாதம். தினமும் ஆயிரம் கோடி பாக்டீரியா கொடுத்தார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், உயிரோடு கொடுத்ததைவிட 70 டிகிரியில் சூடாக்கிச் செத்துப்போனதைக் கொடுத்ததுதான் நன்றாக வேலை செய்தது! டம்மி மாத்திரை சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டால் இன்சுலின் உணர்திறன், அதாவது உடல் இன்சுலினுக்கு இணங்கும் தன்மை, சுமார் 29 சதவீதம் கூடியது, ரத்தத்தில் இன்சுலின் அளவும் குறைந்தது. எடை? இரண்டு கிலோ சொச்சம். புள்ளியியல்படி அது கணக்கில் சேராது, தற்செயலாகவும் இருக்கலாம்.

அதனால் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். பாஸ்டரைஸ் செய்ததா (அப்படிச் சூடாக்கியதா), எத்தனை கோடி என்று போட்டிருக்கிறதா? நான் வாங்கிய ஒன்றில் முன்பக்கம் பெரிய எழுத்தில் அக்கர்மான்சியா, பின்பக்கம் பார்த்தால் பாதிக்கு மேல் லாக்டோபேசில்லஸ், தயிரில் இருக்கும் பாக்டீரியா வகை. அதுக்குத் தயிர்சாதமே தேவலை.

இன்னொன்று, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் குடலில் இதே அக்கர்மான்சியா கூடுதலாக இருப்பதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். நீங்கள் நிறுத்த நினைப்பது அந்த மாத்திரையைத்தான். வயிற்றுப்போக்குதான் தொல்லை என்றால், சாப்பாட்டோடு போட்டுக்கொள்ளுங்கள். மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அப்புறம் கேப்ஸ்யூல் வாங்குவதைப் பார்க்கலாம்.